கடையும் வீடும் ஒரே 192.168.1 வரிசையில்: எதற்கு மாற்றுவது?

வாசகர் கேள்வி, 2025 ஜூன் 7

ஹட்டன் பக்கம். கீழே போட்டோகொப்பிக் கடை, மேலே வீடு. பைபர் பெட்டி கடையில் இருக்கிறது, அதன் முகவரி 192.168.1.1. மாடிக்கு சிக்னல் ஏறவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கினேன். அதுவும் 192.168.1.1 தான். இரண்டையும் கேபிளால் இணைத்தால் மேலே நெட் வருவதில்லை. கடையில் கமரா ரெக்கார்டர் ஒன்றும் பிரிண்டர் இரண்டும் உண்டு. தம்பி வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருக்கிறான், அங்கிருந்தே கமரா பார்க்க வேண்டும் என்கிறான். எல்லாவற்றையும் 10.0.0 வரிசைக்கு மாற்றினால் வேகமும் கூடும் என்று கடைக்கு வந்த பையன் ஒருவன் சொன்னான். மாற்றலாமா அண்ணே?

ஜூன் 7, இரவு

முதலில் அந்த வேகக் கதையை விட்டுவிடுங்கள் தம்பி. வரிசை என்பது தொடக்க இலக்கங்கள் ஒன்றாக இருக்கும் முகவரிக் கூட்டம். 10-இல் தொடங்கினாலும் 192-இல் தொடங்கினாலும் ரவுட்டருக்கு அது 32 பிட் இலக்கம், அவ்வளவுதான். துளிகூட வேகம் கூடாது.

மேலே நெட் வராததற்குக் காரணம் இதுதான். மாடி ரவுட்டருக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. இன்டர்நெட் என்று எழுதிய போர்ட் கடைப் பெட்டியைப் பார்க்கிறது. மற்ற போர்ட்களும் வைஃபையும் வீட்டைப் பார்க்கின்றன. இரண்டு பக்கமும் 192.168.1 என்றால், 192.168.1.1-க்குப் போக வேண்டியதை வெளியே தள்ளுவதா உள்ளே வைத்துக்கொள்வதா என்று அதனால் முடிவெடுக்க முடியாது. அந்த முகவரி தான்தானே என்றுகூட எடுத்துக்கொள்ளும். சில புதிய ரவுட்டர்கள் இதைக் கண்டுபிடித்துத் தாமாகவே வேறு வரிசைக்கு நகர்ந்துவிடும். உங்களுடையது நகரவில்லை.

இன்று இரவே நெட் வேண்டுமென்றால், மாடி ரவுட்டரை மட்டும் தனியாக லேப்டாப்பில் செருகி, அதன் உள் முகவரியை 192.168.73.1 என்று மாற்றி, மாஸ்க்கை (முகவரியில் எவ்வளவு பகுதி வரிசையைக் குறிக்கிறது என்று சொல்லும் இலக்கத்தை) 255.255.255.0 என்றே விட்டுவிட்டு, பிறகு கடைக் கேபிளைச் செருகுங்கள். 73 என்பதற்கு விசேஷம் ஒன்றும் இல்லை. மற்றவர் யாரும் வைத்திருக்க வாய்ப்புக் குறைவு, அது போதும்.

ஜூன் 8, காலை

நேற்று எழுதியது அவசர வைத்தியம். வெள்ளவத்தையில் இருக்கும் உங்கள் தம்பியின் விஷயத்தை யோசித்தால் கடையின் வரிசையையும் மாற்றத்தான் வேண்டும். இந்தக் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

வெள்ளவத்தை போர்டிங்கிலும் ஒரு ரவுட்டர் இருக்கும். அதுவும் பெரும்பாலும் 192.168.1.1 ஆகத்தான் இருக்கும். நாளைக்கு நீங்கள் விபிஎன் (இணையத்தின் வழியே கடை வலைக்குள் வரும் தனிப் பாதை) போட்டுக் கொடுத்து, ரெக்கார்டர் 192.168.1.64-இல் இருக்கிறது என்று சொல்கிறீர்கள். தம்பியின் லேப்டாப் என்ன செய்யும்? “192.168.1 என்றால் இந்த அறையிலேயே இருக்கும் ஆள்” என்று முடிவுகட்டி, போர்டிங் வைஃபைக்குள்ளேயே தேடும். விபிஎன் பக்கம் திரும்பியும் பார்க்காது. மலைநாட்டில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஓர் ஐந்தாம் லயமும் அதில் ஒரு மூன்றாம் வீடும் இருக்கும். தோட்டத்தின் பெயர் எழுதாமல் ஐந்தாம் லயம், மூன்றாம் வீடு என்று மட்டும் கடிதம் போட்டால் எங்கே போய்ச் சேரும்? அதே கதிதான் இதற்கும்.

தலவாக்கலையில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் இதற்காகவே என்னைக் கூப்பிட்டார். மகள் கண்டியில் படிக்கிறாள். விபிஎன் பச்சை விளக்குக் காட்டுகிறது, ஆனால் கடை ரவுட்டரின் பாஸ்வேர்டு ஏற்கவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். படத்தில் இருந்த லாகின் பக்கம் வேறு கம்பனியுடையது, நிறமே வேறு. அவ்வளவு நேரமும் பிள்ளை கண்டி வீட்டுக்காரரின் ரவுட்டருக்குத்தான் பாஸ்வேர்டு அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கடையின் வரிசையை மாற்றியதும் வேறு எதையும் தொடாமலே விபிஎன் வேலை செய்தது.

ஆகவே வரிசையைத் தேர்ந்தெடுப்பது உங்கள் வீட்டுக்குள் நடக்கும் வேலைக்காக அல்ல. வெளியிலிருந்து இன்னொரு வலை வந்து உங்களோடு சேரும் நாளுக்காக. தனியாகக் கிடக்கும் வலைக்கு 192.168.1 தாராளமாகப் போதும், மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

ஜூன் 8, மாலை

“எந்த இலக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்லக் கூடாது. நான் சொன்ன இலக்கத்தை இதைப் படிக்கிற எல்லோரும் போட்டால் அதுவே அடுத்த 192.168.1 ஆகிவிடும். நேற்றுச் சொன்ன 73-ஐயும் உதாரணமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய மோட்டார் சைக்கிளின் இலக்கத் தகட்டைப் பாருங்கள். நான்கு இலக்கம் இருக்கும், இரண்டு இரண்டாகப் பிரியுங்கள். 4186 என்றால் 41, 86. 10.41.86 என்று ஒரு வரிசை கிடைத்துவிட்டது. இரண்டு துண்டும் 99-ஐத் தாண்டாது என்பதால் 255 எல்லையைப் பற்றிக் கவலை இல்லை. உங்களுக்கு மறக்காது, மற்றவருக்குத் தோன்றாது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. தனியார் முகவரிகளை, அதாவது வீட்டுக்குள்ளும் நிறுவனத்துக்குள்ளும் மட்டும் பாவிப்பவற்றை, ஒதுக்கிய ஆர்எப்சி 1918 என்ற இணைய நடைமுறை ஆவணம் 1996 பெப்ரவரியில் வந்தது. உங்கள் பங்கை அந்த ஒதுக்கீட்டுக்குள்ளிருந்து எழுந்தமானமாகத் தேர்ந்தெடுங்கள், பின்னால் இரண்டு நிறுவனங்கள் சேர நேர்ந்தால் மோதல் குறையும் என்று அதிலேயே அழுத்தமாகப் பரிந்துரைத்திருக்கிறார்கள். ரவுட்டர் செய்கிறவர்கள் அந்தப் பரிந்துரையைப் பின்பற்றவில்லை. பின்பற்றினால் பெட்டிக்கு அடியில் ஒட்டும் தாளில் ஒவ்வொரு ரவுட்டருக்கும் வேறு முகவரி அச்சிட வேண்டியிருக்கும்.

ஜூன் 10

கொட்டகலையில் இருந்து ஒருவர் 172.50 வரிசை போட்டிருப்பதாக எழுதியிருக்கிறார். ஐயா, அதை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். 172-இல் தொடங்குவது எல்லாம் தனியார் முகவரி இல்லை. 172.16-இல் இருந்து 172.31 வரைதான் நமக்கு. 172.50 இணையத்தில் வேறு யாருக்கோ சொந்தம், அந்த முகவரியில் ஏதாவது தளம் இருந்தால் உங்கள் வீட்டிலிருந்து அதற்கு ஒருபோதும் போக முடியாது.

நமக்கு உரியவை மூன்றே மூன்று துண்டுகள்: 10-இல் தொடங்கும் முழுவதும், அதாவது 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேல், 172.16 முதல் 172.31 வரை பத்து இலட்சத்துக்குச் சற்று மேல், 192.168-இல் 65,536. இந்த 10 ஒரு காலத்தில் இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட் வலையின் இலக்கம். 1990-இல் ஆர்பாநெட்டை மூடிய பிறகு சும்மா கிடந்ததைத்தான் தனியார் பாவனைக்கு விட்டார்கள்.

இன்னொரு இடத்தில், பெயர் வேண்டாம், ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு முழுவதையும் 1.1.1 வரிசையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எழுதச் சுலபம் என்பதுதான் காரணம். 2018 ஏப்ரல் 1-இல் கிளவுட்பிளேர் 1.1.1.1-ஐப் பொது டிஎன்எஸ் சேவையாக, அதாவது தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவையாக, அறிவித்தது. பிள்ளைகள் போனில் அந்த டிஎன்எஸ்ஸைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் வந்தால் ஒரு தளமும் திறக்காது, வாசலுக்கு வெளியே போனால் எல்லாம் திறக்கும். பிள்ளைகளின் போனைத்தான் குறை சொன்னார்கள். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அங்கே சொல்லிக் கொடுத்ததே நெட்வொர்க்கிங்.

ஜூன் 11

விட்டுப்போன ஒன்று. தகட்டு இலக்கம் பார்த்தாலும் சில வரிசைகளைத் தவிர்த்துவிடுங்கள். 192.168.0-உம் 1-உம் தெரிந்ததே. 192.168.8 ஹூவாவே சிம் ரவுட்டர்களுடையது, நம் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. 192.168.88 மைக்ரோடிக் ரவுட்டர். 43 பழைய ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட். 137 விண்டோஸ் ஹாட்ஸ்பாட். ஐபோன் ஹாட்ஸ்பாட் 172.20.10-ஐ எடுத்துக்கொள்ளும். டாக்கர் என்ற மென்பொருள் ஓட்டுகிறவர்கள் 172.17 பக்கம் போகவே வேண்டாம். 10.0.0-உம் 10.1.1-உம் எல்லோருடைய கையும் தானாகப் போகும் இடங்கள், அதனால் அவையும் வேண்டாம். கடைக்கு வந்த பையன் சொன்ன வரிசையும் இதில்தான் அடங்குகிறது.

ஜூன் 12, இரவு

இன்று பின்னேரம் இங்கே இடி மின்னலோடு மழை. கரண்ட் போய் வந்து போய் வந்தது. அதனால் பிரிண்டர் பற்றிச் சொல்கிறேன், போட்டோகொப்பிக் கடைக்கு இது சோற்றுப் பிரச்சினை.

கரண்ட் திரும்பியதும் எல்லாச் சாமான்களும் ஒன்றாக எழும்பும். பிரிண்டர் அரை நிமிடத்தில் தயாராகிவிடும். பைபர் பெட்டி எழும்பி டிஎச்சிபி (சாமான்களுக்குத் தானாக முகவரி பங்கிடும் முறை) கொடுக்கத் தொடங்க அதைவிட நேரம் எடுக்கும். முகவரி கேட்டுக் கேட்டு யாரும் பதில் தராததால் பிரிண்டர் தானே ஒன்றைப் போட்டுக்கொள்ளும். அதன் சின்னத் திரையில் 169.254 என்று தொடங்கும் முகவரியைப் பார்த்தீர்கள் என்றால் நடந்தது இதுதான். நல்ல பிரிண்டர்கள் பிறகும் கேட்டுப் பார்த்து மாறிக்கொள்ளும். சில அப்படியே உட்கார்ந்துவிடும். கம்ப்யூட்டரில் ஆஃப்லைன் என்று வரும், வாசலில் அடையாள அட்டையோடு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள்.

2022-இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் ஹட்டன் டவுனில் எத்தனையோ கடைகளில் இதைப் பார்த்தேன். கரண்ட் வந்த கொஞ்ச நேரத்தில் வியாபாரம் பிடிக்க வேண்டும், அந்த நேரத்தில் பிரிண்டர் ஒளிந்துகொள்ளும்.

பொதுவாக நான் ரவுட்டரில் எம்ஏசி (ஒவ்வொரு சாமானுக்கும் உரிய வன்பொருள் இலக்கம்) பார்த்து முகவரி ஒதுக்கிவைப்பதையே விரும்புவேன். எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். ஆனால் அந்த ஒதுக்கீடும் டிஎச்சிபி வழியாகத்தான் வர வேண்டும். எனவே கரண்ட் அடிக்கடி போகிற ஊரில் பிரிண்டருக்கும் ரெக்கார்டருக்கும் முகவரியை அந்தந்தச் சாமானிலேயே நிரந்தரமாக எழுதிவிடுங்கள். ரவுட்டர் எப்போது எழும்பினாலும் அவை தம் இடத்தில் இருக்கும்.

எழுதும்போது ஒன்று கவனியுங்கள். அந்த முகவரி டிஎச்சிபி பங்கிடும் எல்லைக்குள் இருக்கக் கூடாது. ஹிக்விஷன் கமரா பெட்டியில் இருந்து வரும்போதே 192.168.1.64. தஹுவா 192.168.1.108. பல ரவுட்டர்கள் 2-இல் இருந்து 254 வரை எல்லாவற்றையும் பங்கிடும். ஆட்கள் கூடும் நாளில் யாராவது வாடிக்கையாளரின் போனுக்கு 64 போய்விட்டால் கமராப் படம் வரும், நிற்கும், வரும், நிற்கும். கேபிளை மாற்றுவார்கள், கமராவையே மாற்றுவார்கள். போன்காரர் தன் பிரதியை வாங்கிக்கொண்டு போனதும் எல்லாம் சரியாகிவிடும். டிஎச்சிபியை 100-இல் இருந்து 199 வரை என்று குறுக்கிவிட்டு, நிலையான சாமான்களை 10-இல் இருந்து 50-க்குள் வையுங்கள்.

போன்களுக்கு ஒதுக்கீடு எதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு 10-உம் ஐஓஎஸ் 14-உம் வந்த பிறகு போன்கள் தங்கள் சொந்த எம்ஏசியை வைஃபைக்குக் காட்டுவதில்லை.

ஜூன் 14

இங்கே 10-ஐ இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒரு மறுயோசனை. பண்டாரவளையில் இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார், வீட்டிலிருந்து கொழும்பு அலுவலக வேலை செய்கிறார். அலுவலக விபிஎன் போட்டதும் கீழ்த்தட்டு பிரிண்டர் மறைந்துவிடுகிறதாம். அவர் வீட்டில் மேலே 10.20.1, கீழே 10.20.2.

பல நிறுவனங்களின் விபிஎன், 10-இல் தொடங்கும் எல்லாவற்றையும் என்னிடம் கொண்டுவா என்று லேப்டாப்புக்குச் சொல்லிவிடும். லேப்டாப் உட்கார்ந்திருக்கும் வரிசை தப்பிவிடும், ஏனென்றால் இரண்டு வழிகள் பொருந்தினால் குறைந்த முகவரிகளை மட்டும் குறிக்கும் வழிக்கே முன்னுரிமை. அக்காவின் மேல்தட்டு தப்பியது இப்படித்தான். ஆனால் கீழ்த்தட்டு இன்னொரு ரவுட்டருக்கு அப்பால் இருக்கிறது, லேப்டாப்பைப் பொறுத்தவரை அதுவும் வெளியூர். வெளியூர் 10 எல்லாம் விபிஎன்னுக்குள் விழும். பிரிண்ட் கொடுத்த தாள் கொழும்பைத் தேடிப் போகிறது.

எனவே வீட்டில் யாராவது அலுவலக விபிஎன் பாவிக்கிறார்கள் என்றால் 192.168-க்குள்ளேயே ஓர் ஒதுக்குப்புற இலக்கம் எடுங்கள். தகட்டின் கடைசி இரண்டு இலக்கம் போதும். ஹட்டன் தம்பிக்கும் இப்போது இதையே சொல்வேன். கடைக்கு 192.168.86, வீட்டுக்கு 192.168.87 என்பது போல அடுத்தடுத்து வையுங்கள், சின்ன இலக்கம் இரட்டைப்படையாக இருக்கட்டும். பின்னால் விபிஎன்னில் வழி எழுதும்போது இரண்டையும் 192.168.86.0/23 என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

ஜூன் 15

ஹட்டன் தம்பி எழுதியிருக்கிறார்: “வரிசையை மாற்றினேன், நெட் வருகிறது, கமரா மட்டும் எல்லாம் போய்விட்டது.”

போகவில்லை தம்பி. அவை இன்னும் பழைய 192.168.1-இலேயே உட்கார்ந்திருக்கின்றன. லேப்டாப்பின் முகவரியைச் சற்று நேரத்துக்குக் கையால் 192.168.1.200 என்று போடுங்கள், கேபிளில் இணைத்து ஒவ்வொரு கமராவாக உள்ளே போய் முகவரி, மாஸ்க், கேட்வே (வெளியே போக வழிவிடும் ரவுட்டரின் முகவரி) மூன்றையும் மாற்றுங்கள். கேட்வேயை மறந்தால் கடைக்குள் படம் தெரியும், வெள்ளவத்தையில் இருக்கும் உங்கள் தம்பிக்குத் தெரியாது. கடைசியில் லேப்டாப்பைத் தானாக எடுப்பதற்கே திருப்பி விடுங்கள். கமராக் கேபிள்கள் நேரே ரெக்கார்டரின் முதுகில் செருகியிருந்தால் அவற்றைத் தொட வேண்டாம், அவை ரெக்கார்டரின் தனி வலையில் இருக்கும். ரெக்கார்டரின் முகவரியை மட்டும் மாற்றினால் போதும்.

இன்னொருவர் இந்த வேலையைச் செய்யப் போகிறார் என்றால் எதை முதலில் மாற்றுவது என்பது முக்கியம். முதலில் கமரா, பிறகு ரெக்கார்டர், பிரிண்டர், கடைசியாக ரவுட்டர்.

ஜூன் 19

கமராவை வெளியூரிலிருந்து பார்ப்பதற்கு ரவுட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து நேரே உள்ளே வரும் வாசல்) திறந்துவிடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். 2016-இல் மிராய் என்ற நிரல் இணையத்தில் திறந்து கிடந்த கமராக்களையும் ரெக்கார்டர்களையும் கம்பனி போட்டு அனுப்பும் பாஸ்வேர்டுகளை வைத்தே இலட்சக்கணக்கில் பிடித்தது. கடை வாசலையும் வீட்டு மாடிப்படியையும் காட்டும் கமரா அது, உலகத்துக்குத் திறந்துவைக்காதீர்கள்.

பலருக்குத் திறந்தாலும் வேலை செய்யாது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி என்ன என்று பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால் உங்களுக்கென்று பொது முகவரி இல்லை, இணையம் தரும் கம்பனி ஒரு முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை வைத்திருக்கிறது. அதற்காகவே 2012 ஏப்ரலில் ஒதுக்கப்பட்ட வரிசை அது. ஐபிவி4-இன், அதாவது நாம் இங்கே பேசும் 32 பிட் முகவரிகளின், பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது, கம்பனிகளைச் சொல்லிப் பயன் இல்லை. இந்த 100.64 வரிசையை உங்கள் வீட்டுக்குள் போடாதீர்கள், அது கம்பனிக்கும் உங்களுக்கும் இடையிலுள்ள நிலம்.

இந்த நிலையில் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் மென்பொருள்கள் உதவும். கடையில் எப்போதும் ஓடும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் போட்டு, கடையின் வரிசையை அதில் அறிவித்துவிட்டால் தம்பி போர்டிங்கிலிருந்தே ரெக்கார்டரைத் திறக்கலாம், எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டாம். ஆனால் கடையின் வரிசையும் போர்டிங்கின் வரிசையும் ஒன்றாக இருந்தால் அதுவும் குழம்பும். எட்டாம் தேதிக் குறிப்பைப் பாருங்கள்.

ஜூன் 22

மஸ்கெலியாவில் இருந்து வந்த கேள்வி: லயத்தில் நான்கு வீடு சேர்ந்து ஒரு கனெக்ஷன், ஏஎல் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆளுக்கொரு வரிசை பிரிக்க வேண்டுமா?

2020, 2021-இல் சூம் வகுப்புக்காகப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்றதைப் பார்த்தவன் நான், நீங்கள் சேர்ந்து எடுத்ததே எனக்குச் சந்தோஷம். நான்கு வீட்டுக்கும் ஒரே வரிசை போதும். 255.255.255.0 மாஸ்க்கில் 254 சாமான்களுக்கு இடம் உண்டு. அதற்குப் பெரிய மாஸ்க் போட்டு ஒரு இலாபமும் இல்லை. இரண்டாவது ரவுட்டர் வைத்தால் அதை ஏபி மோடுக்கு (வைஃபையை மட்டும் பரப்பும் நிலைக்கு) மாற்றுங்கள், அல்லது டிஎச்சிபியை நிறுத்திவிட்டு கேபிளை இன்டர்நெட் போர்ட்டில் இல்லாமல் சாதாரண போர்ட்டில் செருகுங்கள். டிஎச்சிபி கொடுப்பது ஒரே ஒரு பெட்டியாக இருக்கட்டும், இரண்டு கொடுத்தால் பாதிப் போன்கள் ஒரு பக்கமும் மீதி இன்னொரு பக்கமுமாக நிற்கும்.

யாராவது கமராவோ பகிர்ந்த போல்டரோ வைத்திருந்தால்தான் பிரிப்பது நியாயம். அப்போதும் ரவுட்டரின் கெஸ்ட் வைஃபை முதலில் முயற்சி செய்து பாருங்கள்.

ஜூன் 29

ஹட்டன் தம்பி, நீங்கள் எழுதிவைத்த தாளின் படம் பார்த்தேன். கடை, வீடு, ரெக்கார்டர், இரண்டு பிரிண்டர், எல்லாம் சரி. இரண்டாவது பிரிண்டருக்கு 120 எழுதியிருக்கிறீர்கள், அது டிஎச்சிபி எல்லைக்குள் வருகிறது. 12 என்று மாற்றுங்கள்.

ஐபிவி6 (இன்னும் நீளமான புதிய முகவரி முறை) பற்றிக் கேட்டவருக்கு: உள் முகவரிக்கு அங்கே எப்டி என்று தொடங்கும் தனி வரிசை இருக்கிறது. அதற்குப் பின்னால் வரும் 40 பிட்டையும் எழுந்தமானமாக உருவாக்க வேண்டும் என்று ஆர்எப்சி 4193 சொல்கிறது. மோட்டார் சைக்கிள் தகடு அதற்குப் போதாது. ரவுட்டரே உருவாக்கித் தந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.